மின்கம்பத்தின் கீழே நிற்பவரின் பொறுப்பு: பெங்களூருத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் இயங்கிவரும் தமிழ் அமைப்புகள், இளைஞர் மன்றங்கள், கோயில் விழாக் குழுக்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு என் வணக்கம்.

தேர்வு முடிவுகள் வெளியாகும் பருவத்தில் நீங்கள் நடத்தும் கல்வி, வேலைவாய்ப்பு வழிகாட்டி நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு நான் வந்திருக்கிறேன். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக்நகரிலும் அரங்கு பிடித்து, விடுமுறை நாளில் பேராசிரியர்களை அழைத்துவந்து, எந்தக் கட்டணமும் வாங்காமல் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்த மேடைகளில் பேசப்படுவது பெரும்பாலும் சி.இ.டி. எனும் நுழைவுத்தேர்வின் தரவரிசை, பொறியியல் கல்லூரி இடம், மென்பொருள் நிறுவன நேர்காணல், வங்கித் தேர்வு ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவில் படிக்கும் பையனும் அதே அரங்கின் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். தன்னைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் எழுந்து வீட்டுக்குப் போகிறான். அவனுக்கு ஏற்ற ஒரு தொழிலை, அதன் படிகளோடும் ஆபத்தோடும் சேர்த்து முழுதாக எடுத்துச் சொல்ல உங்கள் மேடையில் இடம் கேட்டே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் சொல்லும் தொழில், மின்கம்பித்தடம் அமைப்பதும் பராமரிப்பதும். அதில் உழைத்து முன்னேறும் ஒருவர் எட்டக்கூடிய நல்ல பொறுப்பு, லைன் கேங்கின், அதாவது கம்பித்தடப் பணிக்குழுவின், சூப்பர்வைசர் பொறுப்பு. ஒப்பந்ததாரர் ஒருவரின் கேங்கில் உதவியாளாகச் சேர்ந்து, கம்பம் ஏறக் கற்று, பெர்மிட் வாங்கி, இப்போது கேங்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு மின்சாரம் வந்த வரலாற்றில் நம் மக்களுக்கும் பங்கு உண்டு. மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரின் காலத்தில் திட்டமிடப்பட்ட சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902-இல் இயங்கத் தொடங்கியபோது, அதன் மின்சாரம் முதலில் பெங்களூருக்கு வரவில்லை. ஏறக்குறைய 147 கிலோமீட்டர் நீளக் கம்பித்தடத்தின் வழியே கோலார் தங்கவயலுக்குத்தான் போனது. அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பெங்களூரில் மின் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியது 1905-இல். இன்று கோலார் மாவட்டமும் பெங்களூரும் ஒரே மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் எல்லைக்குள் இருக்கின்றன. தங்கவயலிலிருந்து அதிகாலை ரயிலேறி இந்த நகரத்துக்கு வேலைக்கு வரும் தமிழ் இளைஞர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்குள் நுழைய வழிகள் பல. அரசு மின்நிறுவனங்களில் கம்பித்தடப் பணியாளரான ஜூனியர் பவர்மேன் பணிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. அதோடு உடல்திறன் தேர்வும் உண்டு. 2024-இல் வந்த அறிவிப்பின்படி அந்தத் தேர்வில் 8 மீட்டர் உயர மின்கம்பத்தில் ஏறிக்காட்டுவது கட்டாயம். கன்னட அறிவும் அவசியம். அப்படிச் சேர்ந்தவர் பணி மூப்பின்படி மெக்கானிக், ஓவர்சியர் என்று மேலே போகலாம். டிப்ளமா படித்தவர் ஜூனியர் இன்ஜினியராகவே நுழையலாம். இரண்டாவது வழி, மின்நிறுவனங்களுக்குப் பணி செய்து தரும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்களிடம் சேர்வது. இங்கே உதவியாள், வயர்மேன், சூப்பர்வைசர் என்ற வரிசை இருக்கிறது; வயர்மேன் பெர்மிட்டையும் சூப்பர்வைசர் பெர்மிட்டையும் மாநில அரசின் மின் ஆய்வுத் துறை, படிப்பையும் அனுபவத்தையும் பார்த்து வழங்குகிறது. சூப்பர்வைசர் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வை இல்லாமல் ஒப்பந்ததாரர் மின்பணி செய்யக்கூடாது என்பது சட்டம். ஆகவே அந்தச் சான்று உள்ளவருக்கு வேலை கிடைப்பது கடினமாக இருப்பதில்லை. மூன்றாவதாக ரயில்வேயின் 25 கிலோவோல்ட் மேல்நிலைக் கம்பித்தடப் பிரிவும், உயர் கோபுரங்களில் 220, 400 கிலோவோல்ட் கம்பி இழுக்கும் டவர் லைன் பணியும் இருக்கின்றன. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பித்தடத்தைப் பழுதுபார்க்கும் முறையைக் கற்பிக்கும் தேசிய மின்பயிற்சி நிறுவனத்தின் ஹாட் லைன் பயிற்சி மையம் நம் பெங்களூரிலேயே இயங்குகிறது. அது இங்கே இருப்பது இந்த ஊர் ஐ.டி.ஐ. மாணவர்களில் பலருக்குத் தெரியாது என்பதை நான் நேரில் விசாரித்தே அறிந்தேன்.

இனி சூப்பர்வைசரின் வேலை என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். கம்பத்தில் ஏறத் தெரிந்தவர்களில் நன்றாக ஏறுகிறவரே சூப்பர்வைசர் ஆவார் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். ஏறத் தெரிந்திருப்பது அடிப்படைத் தகுதி, அவ்வளவுதான். ஏறியவர்கள் அத்தனை பேரும் உயிரோடு இறங்குவதற்கான ஏற்பாட்டைச் செய்வதும், அந்த ஏற்பாடு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு படிகூட விடுபடாமல் நடக்கிறதா என்று பார்ப்பதும்தான் சூப்பர்வைசரின் உண்மையான வேலை.

அதன் மையம் எல்.சி. என்று நாங்கள் சொல்லும் லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்திக் கம்பியை வேலைக்கு ஒப்படைக்கும் அனுமதி. ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் 11 கிலோவோல்ட் கம்பித்தடமான ஃபீடர் ஒன்றில் வேலை செய்யவேண்டும் என்றால், அந்த ஃபீடர் புறப்படும் துணைமின் நிலையத்தில் இருக்கும் ஆபரேட்டர் அதை நிறுத்தி, மறுபடி யாரும் போட்டுவிடாதபடி பூட்டி, அறிவிப்புப் பலகை மாட்டி, இன்னாரிடம் இத்தனை மணிக்கு ஒப்படைக்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதிய பிறகே வேலை தொடங்கவேண்டும். பெங்களூரில் துணைமின் நிலையங்களை நடத்துவது மாநில மின்தொடரமைப்பு நிறுவனமான கே.பி.டி.சி.எல்.; தெருவில் உள்ள கம்பிகளுக்குப் பொறுப்பு பெஸ்காம்; கம்பத்தில் இருப்பவர்களோ பல நேரங்களில் ஒப்பந்ததாரரின் ஆட்கள். மூன்று தரப்புக்கும் நடுவில் ஒரு சிறிய தவறான புரிதல் நுழைந்தாலும் போவது உயிர். எல்.சி.யை யார் பெயரில் வாங்கினார்களோ அவரே திருப்பித் தரவேண்டும் என்பதும், ஒரே ஃபீடரில் இரண்டு கேங்குகள் வேலை செய்தால் இரண்டு எல்.சி. தனித்தனியாக வாங்கவேண்டும் என்பதும், “நான்கு மணிக்கு வேலை முடிந்துவிடும், நீங்களே லைனைப் போட்டுவிடுங்கள்” என்று நேரம் சொல்லி வைக்கும் பழக்கம் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்பதும் அதனால்தான். பணியிடத்துக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டவர் திரும்பச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். ஃபீடர் பெயர்கள் ஒன்றுபோல ஒலிக்கும். எஃப்-3, எஃப்-13 என்ற இரண்டும் இரைச்சலில் கைப்பேசி வழியே கேட்பவருக்கு ஒன்றாகவே கேட்கும்.

எல்.சி. கைக்கு வந்துவிட்டதால் மட்டும் கம்பி செத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. முதலில் வேலை செய்யும் இடத்துக்கு அருகிலுள்ள, கம்பத்தின் மேலிருக்கும் பிளேடுகளைக் கீழிருந்து கைப்பிடியால் விலக்கும் ஜி.ஓ.எஸ். சுவிட்சைத் திறந்து, மூன்று பிளேடுகளும் உண்மையாகவே விலகியிருக்கின்றனவா என்று கீழிருந்து கண்ணால் பார்க்கவேண்டும். துருப்பிடித்த சுவிட்சில் கைப்பிடி இறங்கிவிடும், ஒரு பிளேடு மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். அடுத்து டெஸ்டரால் சோதிக்கவேண்டும். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் முன்கூட்டியே சரிபார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு, கம்பியில் உள்ள மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ராட். இதில் ஒரு வரிசை இருக்கிறது. அதை என் கேங்கில் சேரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறேன். போடும்போது தரையில் உள்ள முனையை முதலில் இணைத்துவிட்டுத்தான் கொக்கியைக் கம்பியில் மாட்டவேண்டும். எடுக்கும்போது கம்பியில் உள்ள கொக்கியை முதலில் கழற்றிவிட்டுத்தான் தரை முனையை எடுக்கவேண்டும். வரிசை மாறினால், கம்பியில் மிச்சமிருக்கும் மின்சாரம் தரைக்குப் போவதற்கு அந்த மனிதனின் உடலே பாதையாகிவிடும். வேலை நடக்கும் இடத்தின் இரு பக்கமும் எர்த் இருக்கவேண்டும். ஏனென்றால் ஒரே கம்பத்தில் இரண்டு சர்க்யூட் போகும் இடங்களில், பக்கத்துக் கம்பியில் ஓடும் மின்சாரமே நாம் நிறுத்திவைத்த கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். கம்பியைக் கையால் தொடுவதற்கு முன் அதன் மின்சாரத்தைத் தரையிறக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வகுத்து 2023-இல் புதுப்பித்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் உள்ளது. வேலை முடிந்ததும் போட்ட எர்த் எத்தனை, எடுத்த எர்த் எத்தனை, ஏறிய ஆட்கள் எத்தனை, இறங்கிய ஆட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகே எல்.சி.யைத் திருப்பித் தரவேண்டும்.

இத்தனை படிகளும் எதற்கு என்று கேட்கும் இளைஞர்களுக்காக ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மே மாதத்து மாலை மழையில் பெங்களூரின் சாலையோர மரங்கள் முறிந்து விழுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு மாலையில் நகரின் கிழக்குப் பகுதியில் ஒரு மயில்கொன்றைக் கிளை விழுந்து தாழ்வழுத்தக் கம்பி அறுந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள சுவிட்சைத் திறந்து ஃபியூஸ்களையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டோம். அந்தக் கம்பிக்கு மின்சாரம் வர வேறு வழியே இல்லை என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். என் கேங்கின் இளைஞர் ஒருவர் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறி, கம்பியிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று டெஸ்டரை நீட்டினார். அதன் சிறு விளக்கு எரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். கீழே இறங்கச் சொன்னேன். பிறகு அந்தக் கம்பியின் போக்கிலேயே நனைந்தபடி நடந்து, ஜெனரேட்டர் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு வாசலிலும் காது கொடுத்துக் கேட்டோம். ஒரு கடையின் பின்பக்கத்தில் சிறிய ஜெனரேட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மின்வாரிய இணைப்பையும் ஜெனரேட்டர் இணைப்பையும் ஒன்றோடொன்று சேராமல் பிரித்துவைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் அங்கே இல்லை. கடையில் விளக்கு எரிந்த அதே மின்சாரம் மெயின் வழியாகத் தெருக்கம்பிக்கும் வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கெட்ட மனிதர் இல்லை. விவரம் புரிந்ததும் அவர் கை நடுங்கியது. தாழ்வழுத்தக் கம்பியில் இப்படி வரும் 240 வோல்ட், ஃபியூஸ் பிடுங்கப்படாத டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாகப் புகுந்தால், மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எழும். அடுக்குமாடிக்கு அடுக்குமாடி ஜெனரேட்டர் வைத்திருக்கும் இந்த ஊரில், கூரையில் சோலார் தகடுகளும் பெருகிவரும் இந்தக் காலத்தில், டெஸ்டரும் எர்த்தும் இல்லாமல் ஒருவரை மேலே ஏற்றுவது கொலைக்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

அந்த மாலையில் நாங்கள் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பகுதி மக்கள் இருட்டில் காத்திருந்தார்கள். கோபமாகப் பேசினார்கள். அரசியல் செல்வாக்குள்ள ஒருவர் தொலைபேசியில் அழைத்து, எத்தனை நிமிடத்தில் முடியும் என்று கேட்டார். சூப்பர்வைசருக்குத் தேவையான தகுதிகளில் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத தகுதி இதுதான்: மேலதிகாரியும் ஒப்பந்ததாரரும் தெருவில் நிற்கும் நூறு பேரும் அவசரப்படுத்தும்போது, “இன்னும் பாதுகாப்பு உறுதியாகவில்லை, ஆளை ஏற்றமாட்டேன்” என்று குரல் உயர்த்தாமல் சொல்லி, அதில் நிற்பது. அப்படிச் சொன்னதற்காகக் கண்டிக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். வேலையை இழந்தவர்களையும் தெரியும். அவர்களோடு வேலை செய்த ஆட்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஆட்களை அறிந்திருப்பதும் இந்தப் பொறுப்பின் பெரும்பகுதி. காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, இன்று எந்தக் கம்பம், எந்தப் பக்கம் மின்சாரம் இருக்கிறது, யார் ஏறுகிறார், யார் கீழே நிற்கிறார் என்று பேசும் ஐந்து நிமிடங்களில் நான் வேலையைப் பற்றி மட்டும் பார்ப்பதில்லை. முந்தைய இரவு தூங்காதவர், வீட்டில் பிரச்சினை உள்ளவர், மது நெடி வருகிறவர் ஆகியோரை முகம் பார்த்தே கண்டுபிடிக்கவேண்டும். அவர்களை அன்று கீழே நிறுத்தவேண்டும். அதை மற்றவர்கள் முன்னால் அவமானப்படுத்தாமல் செய்யவேண்டும். ஒரு கேங்கில் மண்டியாவிலிருந்து வந்தவரும் தங்கவயல்காரரும் கிருஷ்ணகிரியைச் சேர்ந்தவரும் பீகாரிலிருந்தோ வங்காளத்தின் மால்டாவிலிருந்தோ வந்தவரும் சேர்ந்தே இருப்பார்கள். ஆபரேட்டரிடம் கன்னடத்திலும் டவர் ஆட்களிடம் இந்தியிலும் பேசத் தெரியாதவரால் இங்கே சூப்பர்வைசராக இருக்கமுடியாது. ‘நிறுத்து’ என்பதை ஒவ்வொருவரும் அவரவர் மொழியில் உடனே புரிந்துகொள்ளும்படி முன்கூட்டியே பேசி வைத்திருப்பதும், சைகையையும் சேர்த்துப் பழக்கியிருப்பதும் அவர் கடமை.

அடிபட்டால் என்ன செய்வது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்துவது, கம்பத்தில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருப்பவரைக் கயிற்றால் இறக்குவது, இதயம் நின்றுவிட்டால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துவது ஆகிய மூன்றும் கைப்பழக்கமாக இருக்கவேண்டும். ஆம்புலன்ஸ் இந்த ஊர்ப் போக்குவரத்தில் வந்து சேரும்வரை காத்திருக்க மூளைக்கு நேரம் கிடையாது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளின்படி இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். இவர்களில் பொதுமக்கள், விவசாயிகள், தொழிலாளர்கள் எல்லோரும் அடக்கம். இதைப் பெற்றோரிடம் மறைக்காதீர்கள். மழைக்காலத்தில் விடுப்புக் கிடைக்காது என்பதையும், நள்ளிரவில் தொலைபேசி அடித்தால் எழுந்து போகவேண்டும் என்பதையும், ஐம்பதை நெருங்கும்போது முழங்காலும் முதுகும் கணக்குக் கேட்கும் என்பதையும் சொல்லுங்கள். அரசுப் பணியிடத்துக்கும் ஒப்பந்தப் பணிக்கும் இடையே ஊதியத்திலும் பாதுகாப்பிலும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒப்பந்ததாரரிடம் சேரும் பிள்ளை, முதல் மாதத்திலேயே பி.எஃப். எண்ணும் ஈ.எஸ்.ஐ. எண்ணும் தன் பெயரில் இருக்கின்றனவா, விபத்துக் காப்பீடு உண்டா, ஹெல்மெட்டும் பெல்ட்டும் கையுறையும் தனக்கென்று தரப்பட்டனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிழிந்த கையுறையோடு கம்பம் ஏறச் சொல்லும் இடத்தில் எவ்வளவு கூலி தந்தாலும் ஒரு நாள்கூட நிற்கவேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அவன் கேட்பான். தன்னைப் போன்ற உதவியாள் சொன்னால் கேட்கமாட்டான்.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு செய்தி. தெலங்கானாவில் லைன்மேன் பணிக்குப் பெண்களை அனுமதிக்க மறுத்தபோது, சில இளம்பெண்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போய், கம்பம் ஏறும் தேர்விலும் தேறி, பணியில் சேர்ந்தார்கள். பெல்ட்டும் கயிறும் சரியாக இருந்தால் கம்பம் ஆணையும் பெண்ணையும் ஒரேபோலத்தான் தாங்குகிறது. எல்.சி. பதிவேட்டில் ஒரு எழுத்தும் தவறவிடாத கவனம் வேண்டிய இந்தத் தொழிலில் பெண்கள் சூப்பர்வைசர்களாக வரவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

கோயில் விழாக் குழுக்களுக்கு மட்டும் தனியாகச் சில வரிகள் எழுத அனுமதியுங்கள், ஏனென்றால் உங்கள் கைகளிலும் எங்கள் ஆட்களின் உயிர் இருக்கிறது. ஆடி மாதத்தில் நம் தெருக்களில் சீரியல் விளக்குத் தோரணங்களுக்காகக் கம்பத்தில் நேரடியாகக் கொக்கி போட்டு மின்சாரம் எடுக்கும் பழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பித்தால் கிடைக்கும். அதற்கான கட்டணம் பந்தல் செலவில் ஒரு சிறு பகுதியே. ஊர்வல வாகனத்தின் அலங்காரம் எவ்வளவு உயரம், போகும் தெருவில் கம்பி எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று முன்னதாகவே அளந்து, பகுதி மின் அலுவலகத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, அந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். 2022 ஏப்ரல் 27-ஆம் நாள் தஞ்சாவூருக்கு அருகில் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. வீடு கட்டுகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள்: 11 கிலோவோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடையே பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், மேலே கம்பி போனால் 3.7 மீட்டரும் விடவேண்டும் என்பது விதி. கையெட்டும் தூரத்தில் கம்பி போகும் பால்கனிகளை நம் தெருக்களில் நாள்தோறும் பார்க்கிறேன். அந்த வீடுகளுக்கு முன்னால் உள்ள கம்பங்களில் ஏறும்போது எங்கள் ஆட்களுக்குக் கால் வைக்கவும் இடமிருப்பதில்லை.

இனி நான் உங்களிடம் கேட்பவை. அடுத்த வழிகாட்டி நிகழ்ச்சியில் இந்தத் தொழிலுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அனுபவமுள்ள பவர்மேன் ஒருவரையும் சூப்பர்வைசர் ஒருவரையும் மேடையேற்றுங்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் நானே வருகிறேன், பெல்ட்டையும் எர்த் ராடையும் ஒரு பழைய எல்.சி. பதிவேட்டையும் கையோடு கொண்டுவந்து காட்டுகிறேன். தமிழ் வகுப்புகள் நடக்கும் உங்கள் அறைகளில் மாலை வேளைகளில் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுத் தரும் வகுப்பு ஒன்றையும் தொடங்குங்கள். தமிழ்வழியில் படித்து இந்த ஊருக்கு வந்த பிள்ளைகளில் பலர் பணி விண்ணப்பத்திலேயே தடுக்கி நிற்பது எழுத்து தெரியாததால்தான். வயர்மேன், சூப்பர்வைசர் பெர்மிட்டுகளுக்கு விண்ணப்பிப்பவர்களின் அனுபவச் சான்றுகளையும் படிவங்களையும் சரிபார்த்துத் தர ஓய்வுபெற்ற மின்பொறியாளர்கள் இருவர் மூவர் போதும்; நம்மிடையே அத்தகையவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டால் மறுக்கமாட்டார்கள். மார்ச் 4-ஆம் நாள் லைன்மேன்களுக்கான நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று சால்வை போர்த்துவதைவிட, உங்கள் பகுதிக் கேங்குகளையும் இளைஞர்களையும் ஒன்றாக அழைத்து, மருத்துவர் ஒருவரைக் கொண்டு உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி கொடுத்தால் அது எங்களுக்குப் பெரிய உதவி.

நிகழ்ச்சிக்கு மாணவர்களை மட்டும் அழைக்காமல் அவர்களுடைய தாய்மாரையும் அழையுங்கள். கம்பம் ஏறும் வேலை என்றதும் முதலில் “வேண்டாம்” என்று சொல்கிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நாங்கள் நேருக்கு நேர் பதில் சொல்லவேண்டும். நாளும் இடமும் முடிவானதும் தெரிவியுங்கள். மழைக்காலத்துக்கு முன்பாக இருந்தால், கேங்கிலிருந்து இருவரை உடன் அழைத்துவர எனக்கு வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
பெங்களூரில் பணிபுரியும் ஒரு லைன் கேங் சூப்பர்வைசர்